பொம்மைக் காரும் நிஜக் காரும்

ஹாஸ்டல் அறையில் பிளாஸ்டிக் கார் ஒட்டிக்கொண்டிருந்த நண்பனை, "என்னடா, இன்னும் பொம்மை வெச்சு விளையாடறே?" என்று நாமெல்லாம் கேலி செய்ததுண்டு. அந்தக் கேலி தவறு என்பதற்கு வரலாறே சாட்சி!

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் இளைஞர்கள் 1932-ம் வருட ஃபோர்டு போன்ற பழைய கார்களை மலிவாக வாங்கினார்கள். மட்கார்டைக் கழற்றி, கூரையைத் தாழ்த்தி, இன்ஜினை மாற்றி, வறண்ட ஏரிப் படுகைகளில் விரட்டினார்கள். 'ஹாட் ராட்' என்பது இதுதான்.

கார் வாங்க வழியில்லாத பையன்கள் என்ன செய்வார்கள்? 1958-ல் ஏ.எம்.டி. நிறுவனம் 1/25 அளவில் கிட் வெளியிட்டது. ஒரே பெட்டியிலுள்ள பாகங்களைக் கொண்டு சாதாரணக் கார், அலங்காரக் கார், பந்தயக் கார் என மூன்றில் எதையும் செய்யலாம்.

எட் ராத், ஸ்டீயரிங் சக்கரமே இல்லாமல், ஒற்றைக் கைப்பிடியால் ஓட்டும் 'பீட்னிக் பேண்டிட்' காரைக் கட்டினார். 1963-ல் ரெவெல் நிறுவனம் அதைக் கிட்டாக்கியது. 'ரெட் பேரன்' கதையோ நேர்மாறு! டாம் டேனியல் வரைந்த அது, 1968-ல் மோனோகிராம் கிட்டாகத்தான் முதலில் வந்தது. ஹெல்மெட் வடிவக் கூரையோடு அதை நிஜக் காராகக் கட்டியவர் சக் மில்லர். பொம்மை முந்தியது, கார் பிந்தியது!

மாணவத் தம்பி தங்கைகளே, கம்ப்யூட்டரில் வரையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஒர்க்ஷாப் வகுப்பைக் கட் அடிக்காதீர்கள். பாகங்கள் பொருந்துகின்றனவா என்பது கையால் செய்து பார்க்கும்போதுதான் தெரியும்.

கேலி பொறுத்த நண்பா, இம்மலர் உன் கையில் கிடைத்தால் எங்களை மன்னித்துவிடு!