அட்டைச் சந்தையும் பட்டியல் மரபும்: அமெரிக்கச் சேகரிப்பு வரலாற்றில் ஒரு நோக்கு

முன்னுரை

அமெரிக்காவின் சிறு நகரங்களில் வார இறுதி நாள்களில் 'கார்டு ஷோ' எனப்படும் நிகழ்வு நடைபெறுவது வழக்கம். தங்குவிடுதி மண்டபத்திலோ, முன்னாள் படைவீரர் சங்கக் கட்டடத்திலோ, பள்ளி உடற்பயிற்சிக் கூடத்திலோ சில பத்து மேசைகள் வரிசையாக இடப்பட்டிருக்கும். மேசைக்கு வாடகை செலுத்தியவர்கள் தம்மிடமுள்ள விளையாட்டு வீரர் அட்டைகளைப் பரப்பி வைத்திருப்பர். வருவோர் சிறு நுழைவுக் கட்டணம் செலுத்தி உள்ளே சென்று, பார்த்து, பேரம் பேசி, வாங்கியும் மாற்றியும் செல்வர். 'ஷோ' என்னும் சொல்லுக்குக் 'கண்காட்சி' என்பதே அகராதி தரும் பொருள். எனினும் அங்கு நிகழ்வது காட்சி அன்று. நம் ஊர்களில் வாரந்தோறும் கூடும் சந்தைக்கே அது நெருக்கமானது. ஆகவே, இக்கட்டுரையில் அட்டைச் சந்தை என்னும் தொடரையே ஆள்கின்றோம்.

இச்சந்தைகள் குறித்து நாளிதழ்களில் வெளிவருவன பெரும்பாலும் விலை பற்றிய செய்திகளே. மிக்கி மேண்டில் என்னும் பேஸ்பால் ஆட்டக்காரரின் 1952ஆம் ஆண்டு அட்டையொன்று 2022ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் 12.6 மில்லியன் டாலருக்கு ஏலம்போனது உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் அவ்வட்டை இன்ன வரிசையில் 311ஆம் எண் பெற்றது, அவ்வரிசையில் மொத்தம் 407 அட்டைகள் உள்ளன என்னும் அறிவு எவ்வாறு தொகுக்கப்பட்டுக் கைமாறி வந்தது என்று எவரும் வினவுவதில்லை. பல்கலைக்கழகமோ நூலகமோ பொருட்படுத்தாத அச்சுத் துணுக்குகளை எண்ணி, வகைப்படுத்தி, பட்டியலிட்டவர்கள் சேகரிப்பாளர்களே. சந்தை அப்பட்டியலின் பிள்ளை என்பதும், விலை பெருகியபோது பட்டியல் எதைக் காக்க எழுந்ததோ அதற்கே ஊறு நேர்ந்தது என்பதும் நம் கருத்து.

வெண்சுருட்டுப் பொதியில் பிறந்த அட்டை

மென்தாள் பொதி நசுங்காமல் இருப்பதற்காக அதனுள் ஒரு கெட்டி அட்டையைச் செருகும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வெண்சுருட்டு நிறுவனங்களிடையே தோன்றியது. வெற்று அட்டையில் படம் அச்சிட்டால் விளம்பரமும் ஆயிற்று. வரிசையை நிறைவு செய்யும் ஆவலில் வாடிக்கையாளர் அதே பொதியை மீண்டும் வாங்குவதும் ஆயிற்று. வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் இயங்கிய ஆலன் அண்டு கிண்டர் நிறுவனம் 1887ஆம் ஆண்டில் வெளியிட்ட உலக வாகையர் வரிசையின் 50 அட்டைகளுள் பத்து பேஸ்பால் ஆட்டக்காரர்களுடையவை. 1890இல் முக்கிய நிறுவனங்கள் இணைந்து அமெரிக்கப் புகையிலை நிறுவனம் என ஒன்றாகிய பின்னர்ப் போட்டி தணிந்தது; அட்டைகளும் குறைந்தன. 1909 முதல் 1911 வரை அந்நிறுவனம் மீண்டும் பேஸ்பால் அட்டைகளைப் பெருமளவில் வெளியிட்டது. 1911இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதனைப் பிரித்தது. பின்னாளில் மிட்டாயும் சூயிங்கமும் வெண்சுருட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டன என்பது பலரும் அறிந்ததே.

மேற்கூறிய 1909–1911 வரிசை இன்று 'டி206' என்று வழங்கப்படுகின்றது. அதை வெளியிட்டவர்கள் அப்பெயரை அறியார். பொதியிலோ அட்டையிலோ அப்பெயர் இல்லை. அதைச் சூட்டியவர் ஒரு தொழிலாளர்.

பர்டிக்கின் பட்டியல்

நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலை ஒன்றில் உதிரிப் பாகங்களைப் பொருத்தும் பணி செய்தவர் ஜெபர்சன் பர்டிக். மணம் செய்துகொள்ளாதவர், கடுமையான மூட்டு நோயால் வருந்தியவர். 1937இல் சேகரிப்பாளர்களுக்கென ஒரு சிறு செய்தியிதழைத் தொடங்கிய அவர், 1939இல் அமெரிக்காவில் வெளியான அச்சு அட்டைகளுக்கெல்லாம் ஒரு பட்டியல் நூலை வெளியிட்டார். பின்னர் அது 'அமெரிக்க அட்டைப் பட்டியல்' என்னும் பெயரில் விரிந்து, 1960 வரை பதிப்புகள் கண்டது. 19ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு 'என்' என்னும் எழுத்தையும், 20ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு 'டி' என்னும் எழுத்தையும், தொடக்ககால மிட்டாய் அட்டைகளுக்கு 'இ' என்னும் எழுத்தையும் அளித்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண் தந்தார். நூலகப் பகுப்பு முறை கற்றவரல்லர் அவர். ஆயினும் அவர் தந்த குறியீடுகளே இன்றளவும் ஏல நிறுவனங்கள் முதல் அரும்பொருளகங்கள் வரை வழக்கில் உள்ளன.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடுதல் வேண்டும். பர்டிக்கின் நாட்டம் பேஸ்பாலில் அன்று. பறவைகள், நடிகையர், கொடிகள், வாழ்த்து அட்டைகள், வணிக விளம்பரத் தாள்கள் என அச்சான அனைத்தும் அவருக்கு ஒன்றே. தம் சேகரிப்பை 1947 முதல் நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிட்டன் கலை அரும்பொருளகத்திற்கு வழங்கத் தொடங்கினார். மூன்று லட்சத்திற்கும் மேற்பட்ட அச்சுப் பொருள்கள். அவற்றுள் ஏறத்தாழ 30,000 பேஸ்பால் அட்டைகள். பிற்காலத்தில் அவரே அரும்பொருளகத்துக்கு வந்து, நோயால் வளைந்த விரல்களால் அட்டைகளைத் தொகுப்பேடுகளில் ஒட்டினார். 1963 சனவரியில் அப்பணி முடிந்தது. இரண்டு திங்களில் அவரும் மறைந்தார். அப்பெருந்தொகுப்பில், உலகின் விலை மிக்க அட்டைகளுள் ஒன்றாகிய டி206 ஹோனஸ் வாக்னர் அட்டையும் ஓர் ஏட்டின் ஓரத்தில் மற்றவற்றோடு மற்றொன்றாக அமைந்தது.

அவர் செய்ததில் குறையும் உண்டு. பசையிட்டு ஒட்டிய அட்டையின் பின்புறத்தைக் காண்பது எளிதன்று. வரலாற்று மாணவர்க்கு முன்புறத்தைவிடப் பின்புறமே பயனுடையது என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

சந்தையும் விலைநூலும்

பர்டிக்கின் தலைமுறையினர் பெரும்பாலும் அஞ்சல் வழியே பரிமாறிக்கொண்டனர். நேரில் கூடும் வழக்கம் 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் கலிபோர்னியா, மிச்சிகன், நியூயார்க் ஆகிய மாநிலங்களில் வேர்கொண்டது. முதலில் ஒருவர் வீட்டில் சிலர் கூடினர். பின்னர் விடுதி மண்டபத்தை வாடகைக்கு எடுத்தனர். 1973இல் தொடங்கப்பட்ட 'ஸ்போர்ட்ஸ் கலெக்டர்ஸ் டைஜஸ்ட்' போன்ற இதழ்கள் எந்த ஊரில் எந்த நாளில் சந்தை என அறிவித்தன. 1980இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் முதல் தேசியச் சேகரிப்பாளர் மாநாடு கூடியது. வந்தோர் ஒவ்வொருவர் கையிலும் தமக்குத் தேவையான எண்களைக் குறித்த தாளொன்று இருந்தது. பட்டியல் முழுமையாக இருந்தால்தானே எது இல்லை என்பதை அறிய முடியும்? ஆகவே, சந்தையில் கூடியவர்கள் அட்டைகளை மட்டுமன்றிப் பட்டியலின் பிழைகளையும் பரிமாறினர். இதுவரை எவரும் காணாத அட்டையொன்று மேசையில் தோன்றினால் பட்டியல் திருத்தப்பட்டது.

ஓஹாயோ மாநிலத்தின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பித்த ஜேம்ஸ் பெக்கெட், எந்த அட்டை என்ன விலைக்குப் போகின்றது எனச் சேகரிப்பாளர்களிடமும் விற்பனையாளர்களிடமும் கேட்டுத் தொகுத்தார். 1979இல் அவர் பங்கேற்ற முதல் விலைநூலும், 1984இல் அவரது திங்களிதழும் வெளிவந்தன. நேர்மையான முயற்சி அது. ஊருக்கு ஊர் ஏமாற்றப்பட்ட சிறுவர்களுக்கு ஓர் அளவுகோல் கிட்டியது. ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் விலை நின்றவுடன் மனிதர்கள் விலையையே முதலில் படிக்கத் தொடங்கினர். 1981 முதல் புதிய நிறுவனங்கள் களமிறங்கின. 1980களின் பிற்பாதியில் வருங்காலச் செல்வம் என்றெண்ணிப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பரணில் அடுக்கினர். அனைவரும் பாதுகாத்த பொருள் அரிதாகுமா? 1994ஆம் ஆண்டு ஆட்டக்காரர் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆர்வம் வற்றி, அவ்வட்டைகள் பலவும் இன்றுவரை அச்சிட்ட தாளின் விலைக்கே போகின்றன. வகுப்பறையில் போக்கிமான் அட்டைகளைப் பறிமுதல் செய்த அனுபவமுடைய நம் ஆசிரியர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இதனினும் ஆழமான ஊறு வேறு. விலை நிலையைப் பொறுத்தது; நிலை என்பது நான்கு மூலைகளின் கூர்மையையும் ஓரங்களின் தூய்மையையும் பொறுத்தது. 1991இல் பி.எஸ்.ஏ. என்னும் தர மதிப்பீட்டு நிறுவனம் தோன்றியது. அட்டையை ஆராய்ந்து, பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இட்டு, நெகிழி உறையில் இட்டு மூடித் தருவது அதன் பணி. அது முதன்முதலாக மதிப்பிட்டது ஒரு வாக்னர் அட்டை. அதே 1991இல் ஏலத்தில் 451,000 டாலருக்கு விற்ற அவ்வட்டைக்கு எட்டு மதிப்பெண் கிடைத்தது; 2007இல் அதன் விலை 2.8 மில்லியன் டாலர் ஆயிற்று. அதனை 1980களில் வாங்கி விற்ற பில் மாஸ்ட்ரோ என்பவர், அதன் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீர்செய்ததாக 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். உலகிலேயே மிகத் தூய்மையானது எனப் போற்றப்பட்ட ஆவணம், கத்தியால் தூய்மையாக்கப்பட்டது.

நாம் சென்ற சந்தை

ஆய்வுப் பணி நிமித்தமாக அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் தங்கியிருந்தபோது இத்தகைய சந்தைகளுக்குப் பலமுறை சென்றோம். முதலில் வேடிக்கை பார்க்கச் சென்ற நாம், மூன்றாம் முறை கையில் தாளொன்றுடன் சென்றோம்! ஆட்டக்காரர்களை நாம் சேகரிக்கவில்லை. அவர்களுள் பாதிப் பேரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. நாம் தேடியவை டி206 வரிசையின் பின்புறங்கள். அவ்வரிசை பதினாறு புகையிலைப் பெயர்களுக்காக அச்சிடப்பட்டது. ஆகவே ஒரே ஆட்டக்காரரின் ஒரே படம் பீட்மண்ட், ஸ்வீட் கேப்பொரல், சோவரின் எனப் பல்வேறு பின்புறங்களுடன் கிடைக்கும். வரிச் சட்டத்தின் பொருட்டு 'தொழிற்சாலை எண் 25, இரண்டாம் மாவட்டம், வர்ஜீனியா' என்பது போன்ற குறிப்பும் அதில் காணப்படும். எந்தப் பெயருடைய வெண்சுருட்டு எங்கே உருட்டப்பட்டது, எந்தப் படம் எந்தக் காலத்தில் எந்தப் பொதியில் சென்றது என்பதற்கு இச்சிறு குறிப்புகள் சான்றாகின்றன. இப்பின்புறங்களை ஒப்பிட்டு அச்சுப் பணியின் கால வரிசையை ஊகித்தறிந்தவர்களும் சேகரிப்பாளர்களே.

காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்குமெனில், விற்பனையாளர்கள் ஏழு மணிக்கே தங்களுக்குள் நல்லவற்றை வாங்கி முடித்திருப்பர். நுழைவுக் கட்டணம் செலுத்தியவர்க்கு மீதியே கிட்டும். ஆயினும் மீதியில்தான் நமக்கு வேண்டியவை கிடந்தன. மூலை மழுங்கிய, மடிப்பு விழுந்த அட்டைகள் மேசைக்கடியில் காலணிப் பெட்டிகளில் இருந்தன. மாலையில் மேசைகளைக் கட்டும் நேரத்தில் பேரம் எளிதாகும் என்பதையும் விரைவில் கற்றோம்.

ஒருமுறை சோவரின் பின்புறமுடைய ஓர் அட்டையைச் சற்று மிகுந்த விலைக்கு வாங்கினோம். ஓரங்கள் புத்தம் புதியனவாக இருந்தமையே நம்மை ஈர்த்தது. அதே சந்தையில் சிற்றுண்டி மேசையருகே அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம் அதனைப் பெருமிதத்துடன் காட்டினோம். அவர் ஒன்றும் கூறாமல் தம் சட்டைப்பையிலிருந்து நைந்த டி206 அட்டையொன்றை எடுத்து நம் அட்டையின்மேல் பொருத்தி வைத்தார். நம்முடையது ஒருபுறம் நூலளவு குறைந்திருந்தது. நூறாண்டு பழமையான காகிதத்துக்கு ஓரம் இவ்வளவு வெண்மையாக இருக்குமா என்று மட்டும் கேட்டார். பின்னர்ப் புறஊதா விளக்கொன்றைக் காட்டி, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காகிதங்கள் பல அவ்வொளியில் ஏன் மிளிர்கின்றன என்பதையும், அட்டையின் ஆயுளை அதனைக் கொண்டு ஐயுறுவது எவ்வாறு என்பதையும் விளக்கினார். ஆவணத்தின் நம்பகத்தன்மையை ஆராயும் முறையை வகுப்பில் பல பருவங்கள் கற்பித்திருக்கின்றோம். ஆயினும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கத் தோன்றவில்லையே என நாணினோம்.

திரும்பிச் சென்று பணத்தைக் கேட்க வேண்டும் என்பதே உடன் வந்த நண்பரின் கருத்து. அம்மேசை அதற்குள் காலியாகிவிட்டது. முதியவர் நம் தாளை வாங்கிப் பார்த்து, நாம் இல்லையெனக் குறித்திருந்த இரண்டு பின்புறங்கள் அந்த ஆட்டக்காரருக்கு அச்சிடப்படவே இல்லை என்று கூறி அவற்றை அடித்தார். நாம் அறியாத வேறொன்றை ஓரத்தில் தம் கையால் எழுதிச் சேர்த்தார்.

வெட்டப்பட்ட அட்டை இன்றும் நம்மிடம் உள்ளது. சந்தையில் அதற்கு இப்போது பெருமதிப்பு இல்லை. பின்புறத்தில் தொழிற்சாலை எண் தெளிவாகவே உள்ளது.