அர்புதமும் அற்புதமும்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்த ஊர் அமரவிளை. 1956 நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழர் கேட்ட நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அதனோடு அமரவிளையும் நின்றது. ஊரைவிட்டுப் பெயராமலே அவ்வூர்த் தமிழர் நம்மைப்போலப் பிறமொழி மாநிலத்தில் வாழ்வோராயினர்.

அவ்வூர்த் தமிழ்ப் பெண்ணொருத்தி மார்பில் கட்டி கண்டு திருவனந்தபுரம் சென்றால், நோயின் பெயர் அவள் செவியில் ‘அர்புதம்’ என்று விழும். கட்டியைக் குறிக்கும் வடசொல் அது. மலையாளம் அதனை ஏற்றது. தமிழர் அந்நோயைப் புற்று என்றனர். கிரேக்கர் நண்டு என்றனர். தமிழ்ச் செவிக்கோ அச்சொல் வியப்பைக் குறிக்கும் ‘அற்புதம்’ போலவே ஒலிக்கும். மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள நம்மை இவ்வொற்றுமை சிந்திக்கச் செய்கின்றது. அற்புதம் நிகழ்ந்தாலன்றி இந்நோயினின்று பிழைப்பில்லை என்று எண்ணிய காலம் உண்டு. அந்நிலை எங்ஙனம் மாறிற்று?

அமரவிளைக்குத் தெற்கே, கல்குளம் தாலுகாவின் நெய்யூரில், இலண்டன் மிஷன் மருத்துவமனை 1838இல் தோன்றியது. அங்குப் பணியாற்றிய மருத்துவர் ஆர், வாய்ப் புற்றுநோயை வெற்றிலை மெல்லும் வழக்கத்தோடு இணைத்து 1933இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். விதி என்று விடப்பட்ட நோய்க்குக் காரணம் தேடும் முயற்சி இத்தென்கோடியிலும் தொடங்கியிருந்தது.

சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரை அவர் கண்ணீரோடு முடித்துவிடவில்லை. அவரது இடையறாத முயற்சியால் 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தொடங்கியது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். முற்றிய மார்புக் கட்டியையும் கதிர்வீச்சாலும் மருந்தாலும் சுருக்கிப் பின்னர் அறுவை செய்யும் முறையை அவர்கள் கையாண்டனர். 2021இல் மறையும்வரை சாந்தா அம்மையாரின் வாழ்வு அந்நிலையத்தோடு ஒன்றியிருந்தது.

சிகிச்சையின் கடுமையும் தணிந்தது. 1882 முதல் அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட் கையாண்ட முறையில் மார்பு முழுவதும், அதன் அடித்தசையும் அகற்றப்பட்டன. தொடக்க நிலையிலுள்ள சிறு கட்டியாயின், மார்பு முழுவதையும் நீக்காது அது உள்ள பகுதியை அகற்றிக் கதிர்வீச்சு அளித்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று இத்தாலியின் வெரோனெசி 1981இலும், அமெரிக்காவின் ஃபிஷர் 1985இலும் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. அந்த 1981ஆம் ஆண்டிலேயே திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையமும் நிறுவப்பட்டது. அமரவிளைப் பெண்ணுக்கு வழி அண்மையாயிற்று.

ஆதலின் நம்பிக்கை என்பது அற்புதத்துக்குக் காத்திருத்தலன்று. மார்பில் தோன்றும் கட்டியெல்லாம் புற்றன்று. எனினும் வலியில்லை என்று வாளாவிருத்தல் தகாது. நாணத்தால் மறைக்கும் ஒவ்வொரு மாதமும் நோய்க்கே துணையாகும். தொடங்கிய சிகிச்சையை நடுவில் விடலாகாது. முற்றும் நீங்காத நோயையும் மருந்தால் அடக்கி ஆண்டுக்கணக்கில் இல்லறமும் தொழிலும் நடத்துவோர் உளர். அவர்க்கு ஆறுதல் மொழி மட்டும் போதாது. உடன் வரும் துணையும் வேண்டும்.

பிறமொழி மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. அண்டை வீட்டுத் தமிழ்ச் சகோதரி மொழி அறியா மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், நாமும் உடன் செல்வோம். மருத்துவர் கூறுவதை அவளுக்குத் தமிழில் சொல்வோம். அவள் கேட்க அஞ்சுவதை அவர் மொழியில் கேட்போம்.