கோப்பையா, புள்ளிவிவரமா? ஓய்வுபெற்ற குவார்ட்டர்பேக்குகளை மதிப்பிடுவதில் தொடரும் விவாதம்

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணியின் தாக்குதலை இயக்குபவர் குவார்ட்டர்பேக். பந்தை வீசுவதா, ஓடும் வீரரிடம் கொடுப்பதா என்பதை அவர் ஓரிரு நொடிகளில் முடிவு செய்ய வேண்டும். ஒரு பக்கத்துக்கு 11 பேர் ஆடினாலும், தேசியக் கால்பந்து லீக்கில் வீரர்களுள் இவரது பெயரில்தான் வெற்றி தோல்வி எழுதப்படுகிறது. ஓய்வுக்குப் பின் எழும் சர்ச்சைகள் பலவற்றுக்கும் இந்தக் கணக்குமுறையே வேர்.

மியாமி டால்பின்ஸ் அணிக்கு 17 பருவங்கள் ஆடிய டான் மரினோ, 61,361 கெஜ தூரத்துக்குப் பந்து வீசி 420 டச் டவுன்களுக்கு வழிவகுத்தார். 1984-இல் ஒரே பருவத்தில் 5,000 கெஜத்தைக் கடந்த முதல் வீரரும் அவரே. அப்பருவத்தின் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் ஜோ மொன்டானாவின் சான் பிரான்சிஸ்கோ அணியிடம் 38-16 என அவரது அணி தோற்றது. மரினோ மீண்டும் ஓர் இறுதியாட்டத்தை எட்டவே இல்லை. கோப்பை இல்லாதவர் என்ற குறை இன்றும் அவர் பெயரோடு ஒட்டியே வருகிறது.

இதற்கு நேரெதிரானவர் டெர்ரி பிராட்ஷா. 212 டச் டவுன் வீச்சுகள், எதிரணி பறித்த வீச்சுகள் 210 என்பது அவரது கணக்கு. ஆயினும், வலுவான தற்காப்பைக் கொண்ட பிட்ஸ்பர்க் அணியில் 4 கோப்பைகளை வென்றார். இருவருமே ஒஹாயோ மாநிலம் கேன்டனில் உள்ள புகழ்க்கூடத்தில் இடம்பெற்றுவிட்டனர்.

இப்போது விவாதத்தின் மையம் ஈலை மேனிங். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் அவர் தொடக்க வீரராகக் களமிறங்கிய வழக்கமான பருவ ஆட்டங்களில் 117 வெற்றி, 117 தோல்வி. இந்தச் சராசரி வீரர்தான் டாம் பிராடியின் நியூ இங்கிலாந்து அணியை இரு முறை இறுதியாட்டத்தில் வீழ்த்தி, இரண்டிலும் சிறந்த வீரர் விருது பெற்றார். அவற்றுள் முதலாவது, 2008 பிப்ரவரியில், அதுவரை ஆடிய 18 ஆட்டங்களிலும் தோல்வி காணாத அணிக்கு எதிராக வந்தது. அவரது 8 பிளேஆஃப் வெற்றிகளும் அந்த இரு பருவங்களுக்கு உரியவை. வேறு நான்கு முறை தகுதி பெற்றபோது முதல் ஆட்டத்திலேயே அணி வெளியேறியது. புகழ்க்கூடத்தில் நுழைய, ஓய்வுக்குப் பின் 5 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். தேர்வுக்குழுவின் 80 சதவீத ஆதரவும் தேவை. தகுதி பெற்ற முதல் ஆண்டான 2025-இல் மேனிங் தேர்வாகவில்லை.

வெவ்வேறு காலத்தவரை ஒப்பிடுவது இன்னும் கடினம். பந்தைப் பெற ஓடுபவரைத் தற்காப்பு வீரர்கள் 5 கெஜத்துக்கு அப்பால் இடித்துத் தடுக்கக் கூடாது என 1978-இல் விதி மாறியது. அதே ஆண்டு பருவ ஆட்டங்கள் 14-இலிருந்து 16 ஆகவும், 2021-இல் 17 ஆகவும் உயர்ந்தன. எனவே, 1960-களின் வீரரது கெஜக் கணக்கை இன்றைய கணக்கோடு அப்படியே நிறுத்துவது நியாயமாகாது.

எல்லாரினும் சிறந்தவர் யார் என்ற கேள்வியில் பிராடியின் பக்கமே எடை கூடுதல்: 10 இறுதியாட்டங்கள், 7 கோப்பைகள், 89,214 கெஜம். மொன்டானாவின் ஆதரவாளர்களோ, ஆடிய 4 இறுதியாட்டங்களையும் அவர் வென்றதையும், அவற்றில் அவரது ஒரு வீச்சுகூடப் பறிக்கப்படாததையும் முன்வைக்கின்றனர். இறுதியாட்டத்தில் தோற்பது, அதை எட்டாமலே போவதைவிடக் குறைவானது என்ற வாதம் வலுவற்றது. 2018 பிப்ரவரியில் பிராடி 505 கெஜம் வீசியும் பிலடெல்பியாவிடம் 41-33 எனத் தோற்றார். அன்று தவறியது நியூ இங்கிலாந்தின் தற்காப்பு.

லீக்கின் கணக்கேட்டில் சேராத சாதனைகளும் உண்டு. பல்கலைக்கழக ஆட்டங்களில் பெயர் பெற்ற கறுப்பின வீரர் வாரன் மூனை 1978-இல் எந்த என்எஃப்எல் அணியும் தேர்வு செய்யவில்லை. கனடா சென்ற அவர், எட்மன்டன் அணியுடன் தொடர்ந்து 5 கிரே கோப்பைகளை வென்ற பிறகே ஹூஸ்டன் அணி அவரை அழைத்தது. 2006-இல் அவர் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டார். லீக்கில் அவர் பெயரில் உள்ள 49,325 கெஜத்தில் கனடாவில் ஆடிய ஆறு பருவங்கள் அடங்கவில்லை.