கடல் பக்குவப்படுத்திய மது

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் சமுத்திரத்தில், எரிமலைக் குழம்பு இறுகிச் செங்குத்தாக எழுந்து நிற்கும் மதேரா என்னும் சிறு தீவில், 1419ஆம் ஆண்டை ஒட்டிப் போர்த்துகீசிய மாலுமிகளான ஸார்கோவும் தெய்ஷெய்ராவும் வந்து இறங்கியபோது, அங்கே மனித சஞ்சாரமே இருக்கவில்லை. வனத்துக்குத் தீ மூட்டி நிலம் திருத்திய அந்த முதல் குடிகள் கரும்பை நட்டார்கள். கிரேக்க நாட்டுப் பரம்பரையைச் சேர்ந்ததென்று சொல்லப்படும் மல்வாசியா என்னும் திராட்சைக் கொடியையும் நட்டார்கள். மலைச்சரிவில் படிப்படியாகக் கல்லடுக்கி மண் நிரப்பி, மழை மிகுந்த வடபுறத்திலிருந்து வறண்ட தென்புறத்துக்குப் பாறையைக் குடைந்து ‘லெவாதா’ எனப்படும் கால்வாய்களை இழுத்து, அவர்களும் அவர்கள் சந்ததியாரும் அங்கே உண்டாக்கிய திராட்சைத் தோட்டங்களை, 1455இல் வந்த வெனிஸ் யாத்திரிகர் கடமோஸ்தோ வியந்து எழுதியிருக்கிறார். அந்தத் திராட்சையிலிருந்து பிறந்த மதுவின் சரித்திரமே, முதுமையைச் சுவைத்தறிந்து அதற்குச் சொல் கண்ட ஒரு தொழிலின் சரித்திரமாகவும் இருக்கிறது.

இளம் பருவத்தில் அந்த மது அப்படியொன்றும் உயர்ந்ததல்ல. எரிமலை மண்ணின் குணத்தாலும் கடற்காற்றின் குளிர்ச்சியாலும் அதில் புளிப்பு தூக்கலாக இருக்கும். நெடுந்தூரக் கப்பற் பயணத்தில் கெட்டுப்போவதும் உண்டு. ஆயினும் அமெரிக்காவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கீழ்த்திசைக்கும் செல்லும் கப்பல்களெல்லாம் தண்ணீருக்கும் உணவுக்கும் அங்கே நங்கூரம் பாய்ச்ச நேர்ந்ததாலும், ஐரோப்பியச் சரக்கு எதுவாயினும் இங்கிலாந்தின் துறைமுகம் வழியாகவே அதன் குடியேற்றங்களுக்குச் செல்லவேண்டுமென்று 1663இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் காலத்தில் பிறந்த சட்டம் மதேராவின் மதுவுக்கு விலக்களித்ததாலும், ஃபுன்ஷால் துறைமுகத்தில் ஆங்கில வர்த்தகர்கள் வந்து குடியேறி, அந்தச் சாதாரண மதுவை உலகமெங்கும் அனுப்பத் தொடங்கினார்கள். கெடாமலிருக்கும் பொருட்டுச் சிறிது பிராந்தி சேர்க்கும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பரவியது.

இந்த இடத்தில் நம்முடைய கடற்கரையும் கதைக்குள் வருகிறது. லண்டனிலிருந்து புறப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் மதேராவில் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை ஒரே பயணத்தில் இருமுறை கடந்து, துறைமுகமே இல்லாத சென்னைப்பட்டினத்தின் எதிரே வந்து நிற்கும். அலை கொந்தளிக்கும் கரைக்கு மசூலாப் படகுகளில் இறக்கப்பட்ட சரக்குகளில், செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆங்கிலேயர் மேஜைக்குரிய மதேராவும் ஒன்று. விற்காமலோ, வேண்டுமென்றே விடப்பட்டோ, கப்பலின் அடித்தளத்தின் வெப்பத்தில் அதே வழியே திரும்பிய பீப்பாய்களைத் திறந்து பார்த்தபோதுதான், எந்த மதுவையும் பாழாக்கிவிடும் அந்த உஷ்ணமும் ஆட்டமும் இந்த மதுவை மட்டும் பாழாக்காமல் பக்குவப்படுத்தியிருந்ததை வர்த்தகர்கள் கண்டார்கள். புளிப்பின் முனை மழுங்கியிருந்தது; நிறம் ஆழ்ந்திருந்தது; முன்பு இல்லாத பரிமளங்கள் பிறந்திருந்தன. அதன்பின் விற்பதற்காக அல்லாமல், போய்வருவதற்காகவே பீப்பாய்களைக் கப்பலில் ஏற்றும் விசித்திரமான வர்த்தகம் ஒன்று உண்டாகி, ‘இந்தியா சென்று வந்த மதேரா’ என்ற பெயருக்கே லண்டனில் அதிக விலை கிடைத்தது.

அந்தக் காலத்து ஃபுன்ஷால் வர்த்தகர்கள் எழுதிய கடிதங்களில்தான் மதுவை வர்ணிக்கும் தொழில் முதலில் வளர்ந்ததென்று நான் கருதுகிறேன். பிரான்சிஸ் நியூட்டன் 1745இல் தொடங்கிப் பிற்காலத்தில் காசார்ட் கார்டன் என்று பிரசித்தி பெற்ற ஸ்தாபனமும், லீகாக் குடும்பத்தாரின் ஸ்தாபனமும், சமுத்திரத்துக்கு அக்கரையில் இருக்கும் வாடிக்கைக்காரர்களுக்கு, அவர்கள் பாராத, முகராத, நாவில் இடாத ஒரு பொருளை எழுத்தாலேயே உணர்த்த வேண்டியிருந்தது. வாடிக்கைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. நிறம் வெளுத்ததா சிவந்ததா, இனிப்பு எவ்வளவு, காரம் எவ்வளவு என்று கேட்டும் குறை கூறியும் பதில் எழுதினார்கள். அவரவர் ருசிக்கேற்ப வர்த்தகர்கள் கலப்பை மாற்றினார்கள். கப்பல் போய்ச் சேர்ந்து பதில் கடிதம் திரும்ப மாதக்கணக்காகும் நிலையில், ஒரு சொல் தவறானால் நஷ்டம் பல பீப்பாய்களுக்கு. ஆகவே அந்தச் சொற்களில் அலங்காரத்துக்கு இடமில்லை.

கப்பற்பயணம் செலவும் அபாயமும் மிகுந்தது. ஆகவே, அதே வெப்பத்தைத் தீவிலேயே ஊட்ட, 1794 முதல் ‘எஷ்தூஃபா’ என்னும் சூடேற்றிய அறைகள் தோன்றின. இன்றைய முறையில், பாத்திரத்தைச் சுற்றி வெந்நீரை ஓட்டி, மதுவை 45 முதல் 50 பாகை வரையிலான உஷ்ணத்தில் குறைந்தது மூன்று மாதம் வைத்திருப்பார்கள். உயர்ந்த வகைக்கு இந்த அவசரம் கிடையாது; ‘கான்தெய்ரோ’ என்ற முறையில், வெயில் காயும் கூரையடியில், மரப்பீப்பாயிலேயே ஆண்டுக்கணக்காக விட்டுவிடுவார்கள். இரண்டையும் அருகருகே வைத்துச் சுவைப்பவர்கள் சொல்லும் வித்தியாசம் தெளிவானது: அவசரமாகக் காய்ந்ததில் எரிந்த சர்க்கரையின் வாசனை முன்வந்து நின்றுவிடுகிறது, நிதானமாகக் காய்ந்ததில் அது மற்ற வாசனைகளோடு இழைந்து பின்னணியாகிவிடுகிறது.

பழைய மரபில் மதேராவின் வகைகள் நான்கு. உயரமான சரிவுகளில் விளையும் செர்சியால் இனிப்புக் குறைந்தது. இளமையில் முகத்தைச் சுளிக்க வைக்கும் புளிப்புடையது. பத்தாண்டு கழியாமல் அதைத் தொடலாகாதென்பது தீவின் பழைய அபிப்பிராயம். வெர்தெல்யோ அதைவிடச் சற்று இளகியது. போவால் இனிப்பானது. கடலோர வெப்பத்தில் கனியும் மல்வாசியாவோ யாவற்றிலும் இனிப்பு மிகுந்தது. ஆயினும் அதைத் திகட்டாமல் காப்பாற்றுவது, அடியில் மறைந்திருந்து விழுங்கிய பிறகு எழும் அந்தப் புளிப்பே.

முதுமையைக் கணிப்பது இதைவிட நுட்பமான காரியம். சுவைஞர் முதலில் கோப்பையைச் சாய்த்து வெள்ளைத் துணியின் மேல் நிறத்தைப் பார்க்கிறார். சில ஆண்டே ஆன மது பொன்னிறமாகவும், இருபது முப்பது ஆண்டு கண்டது கருந்தேன் நிறமாகவும் இருக்க, மிகமிகப் பழையதில் நடுப்பகுதி காப்பிக்கொட்டையைப் போல் கருத்து, விளிம்பில் மட்டும் மெல்லிய பசுமை ஓடும். அந்தப் பசிய விளிம்பை அனுபவசாலிகள் வயதின் அடையாளமாகக் கொள்கிறார்கள். பிறகு முகர்கிறார்: இளையதில் திராட்சையும் ஆரஞ்சுத் தோலும்; நடுவயதில் உலர்ந்த அத்தியும் அக்ரோட்டும்; பழையதில் வெல்லப்பாகு, மெருகேற்றிய மரம், சிறிது காடி. கடைசியாகவே நாவில் இடுகிறார். பீப்பாயில் ஆண்டுதோறும் தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, இனிப்பும் புளிப்பும் ஒருங்கே செறிந்து கொண்டே போவதால், பழைய மதேராவில் அவை இரண்டும் சமபலத்தில் நின்று, விழுங்கிய பின்னும் நெடுநேரம் நிலைத்திருக்கின்றன.

அமெரிக்கர்கள் மதேராவைச் சுவைப்பதை ஒரு சம்பிரதாயமாகவே வளர்த்தார்கள். தெற்கே சார்ல்ஸ்டன், சவானா நகரங்களின் செல்வர்கள் மதேராவை நிலவறையில் வைக்காமல் மச்சிலே வெப்பத்தில் வைத்தார்கள். கொண்டுவந்த கப்பலின் பெயரையே மதுவுக்கு இட்டார்கள். பிலடெல்பியாவின் வைத்தியரும் நாவலாசிரியருமான வியர் மிட்செல், அத்தகைய கனவான்கள் கூடிச் சுவைத்து வாதிக்கும் ஒரு விருந்தையே பொருளாக வைத்து 1895இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். எடின்பரோ சர்வகலாசாலையின் இலக்கியப் பேராசிரியராயிருந்த ஜார்ஜ் செயின்ட்ஸ்பரி தம்முடைய மதுக்கிடங்கின் குறிப்புகளை 1920இல் நூலாக்கினார். இவை இனிய எழுத்துக்கள்; ஆனால் இவற்றில் மதுவைக் காட்டிலும் அதைப் பருகிய நாளும் நண்பர்களும் மிகுதியாக விளங்குகிறார்கள். ஒருவருடைய ஞாபகத்தை மற்றொருவர் நாவினால் சோதிக்க முடியாது. வர்த்தகர்களின் வறண்ட கடிதங்களையே நான் மேலாக மதிப்பது இதனால்தான்.

அந்த வறண்ட மரபை விஞ்ஞானம் பிற்காலத்தில் மீட்டது. கலிபோர்னியாவின் டேவிஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆன் நோபிள் என்ற அம்மையார் 1984இல் வெளியிட்ட வாசனைச் சக்கரம், ஒவ்வொரு சொல்லுக்கும் முகர்ந்து பார்க்கக்கூடிய ஒரு பொருளை ஆதாரமாகக் காட்டியது. மதேராவைப் பொறுத்தவரை இதற்கு அழகான திருஷ்டாந்தம் நம் அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. பழைய மதேராவில் கறிமசாலை வாசனை வீசுவதாகச் சுவைஞர்கள் சொல்வதைக் கற்பனையென்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் அந்த மது முதிர முதிர அதில் பெருகும் ‘சோட்டோலோன்’ என்னும் ரசாயனப் பொருளே வெந்தயத்துக்கும் அதன் மணத்தைத் தருவது. வறுத்த வெந்தயத்தை அறிந்த ஒரு தமிழ்ப்பெண், ஒரு துளி மதுவையும் தீண்டாமலே, அந்தச் சுவைஞர்கள் குறிப்பது இன்னதென்று புரிந்துகொள்ளக்கூடும்.

தீவின் துர்ப்பாக்கியம் 1851இல் கொடிகளைப் பற்றிய சாம்பல் நோயோடு தொடங்கியது. 1872இல் வேரை அரிக்கும் ஃபிலாக்ஸெரா பூச்சி வந்து, மிஞ்சியதையும் நாசமாக்கியது. வர்த்தகர் பலர் தீவை விட்டுப் போனார்கள். 1917இன் புரட்சி ருஷ்யச் சந்தையையும், 1920இன் மதுவிலக்கு அமெரிக்கச் சந்தையையும் மூடின. உயர்ந்த கொடிகள் அருகிப்போகவே, தின்தா நெக்ரா போன்ற எளிய திராட்சையின் மதுவுக்கே செர்சியால், போவால் என்று பெயரிட்டு, இனிப்பின் அளவைக் குறிக்கும் முத்திரைகளாக அப்பெயர்களை வழங்கலானார்கள். பழைய ஆண்டுகளைத் தாராளமாக அச்சிட்ட சீட்டுகளும் சந்தையில் உலவின. போர்ச்சுகல் ஐரோப்பியச் சமூகத்தில் 1986இல் சேர்ந்த பிறகே, பெயர் சொல்லும் திராட்சை குறைந்தது நூற்றுக்கு 85 பங்கு இருக்கவேண்டுமென்ற விதி நடைமுறைக்கு வந்தது.

இன்று குறிப்பிட்ட ஓர் ஆண்டின் விளைச்சலை ‘ஃப்ராஷ்கெய்ரா’ என்று விற்க வேண்டுமானால், அது 20 ஆண்டுகளாவது மரப்பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். 10 ஆண்டு, 20 ஆண்டு என்று வயது குறித்து விற்கும் கலப்பு மதுக்களுக்கோ விதி வேறு. ஃபுன்ஷாலில் உள்ள மது ஸ்தாபனத்தின் சுவைஞர் சபை அதை முகர்ந்து, நாவில் இட்டு, அந்த வயதுக்குரிய குணங்கள் அதில் இருப்பதாக ஒப்புக்கொண்டால்தான் அந்த எண்ணைச் சீட்டில் அச்சிடலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால், கணக்குப் புத்தகம் என்ன சொன்னாலும், அந்த வயது அந்த மதுவுக்குக் கிடையாது.