கல்வராயன் மலையில் ஒரு பகல்



வரலாறு ஏட்டில் மட்டும் எழுதப்படுவதன்று. காலால் நடந்து படிக்கவேண்டிய வரலாறும் உண்டு. அதனைப் படிப்பதற்காக, கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக நிற்கும் கல்வராயன் மலைக்கு இன்று உங்களை அழைத்துச் செல்கிறேன். விடியற்காலையில் அடிவாரத்தை விட்டுப் புறப்படுவோம். பொழுது சாய்வதற்குள் வெள்ளிமலையை அடைவோம்.

கச்சிராயபாளையத்தைக் கடந்ததும் கோமுகி அணை தென்படுகிறது. இம்மலையில் பிறக்கும் கோமுகி ஆறு மணிமுத்தாற்றோடு கலக்கிறது. பின்பு வெள்ளாற்றின் வழியே பரங்கிப்பேட்டைக்கு அருகில் கடலை அடைகிறது. மலையின் நீர் தடையின்றிச் சமவெளிக்கு இறங்கி வந்தது. சமவெளியின் சட்டமும் உரிமையும் அதே எளிமையோடு மலைமேல் ஏறினவா? இவ்வினாவை நெஞ்சில் கொண்டு மேலே நடப்போம்.

வழி செங்குத்தானது. ஒருபுறம் கரும்பாறை, மறுபுறம் பள்ளத்தாக்கு. இப்பாறையில் பெரும்பகுதி சார்னோகைட் என்னும் வகையைச் சார்ந்தது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேய வணிகரின் கல்லறை இவ்வகைக் கல்லால் ஆனது. ஆதலின் தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியல் அறிஞர் 1893ஆம் ஆண்டில் அதற்கு அப்பெயரைச் சூட்டினார். பெயர் புதியது, பாறையோ ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையது.

பெரியார் அருவியில் சற்றே இளைப்பாறி மேலே சென்றால், 2,000 அடி முதல் 3,000 அடிக்கு மேலும் உயர்ந்த மேட்டுநிலம் விரிகிறது. சாமையும் தினையும் விளையும் கொல்லைகள்; கடுக்காய் மரங்கள்; சிற்றூர்கள். இங்கு வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்தாரைக் குறிக்கும் பெயரோடு இதனை மயக்கிக்கொள்ளுதல் கூடாது. மலையில் வாழ்வோர் என்பதே இதன் பொருள். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்றும், உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் இவர்கள் வழிவழியாகக் கூறிவருகின்றனர்.

மலை தடையா, வழியா? ஆஸ்திரேலியாவில் சிட்னி நகருக்கு மேற்கே நீலமலை என்றொரு மணற்கல் மலைத்தொடர் உள்ளது. 1788ஆம் ஆண்டில் வந்து குடியேறிய ஆங்கிலேயர், அதனைக் கடக்க இயலாத மதில் என்றே நெடுங்காலம் கருதினர். 1813ஆம் ஆண்டில் பிளாக்ஸ்லாந்து, லாசன், வென்ட்வொர்த் என்னும் மூவர் மலைமுகட்டின் வழியே நடந்து அதற்கு வழி கண்டனர். ஆயின், அந்நாட்டின் பழங்குடி மக்களோ பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு நடமாடியவர்கள்! மதில் எனத் தோன்றியது வெளியே நின்றவர் கண்ணுக்கே.

கல்வராயன் மலையின் கதையும் இதனை ஒத்ததே. மலைமக்கள் நாள்தோறும் ஏறி இறங்கினர். அரசோ அடிவாரத்தில் நின்றது. மலைநிலம் பரம்பரை ஜாகீர்தாரர் கையில் இருந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் பெயர்களால் அந்த ஜாகீர்கள் வழங்கின. விசயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் காலத்து உரிமை அது என்பது வழக்கு. உழுதவனுக்கு நிலத்தில் உரிமை இல்லை. கூலியின்றி உழைக்கும் கொடுமையும் உண்டு. 1947ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றது. 1963ஆம் ஆண்டில் இனாம் எஸ்டேட்டுகளை ஒழிக்கும் சட்டம் பிறந்தது. எனினும், 1976ஆம் ஆண்டில்தான் ஜாகீர் ஆட்சி முடிந்து மலைநிலம் அரசின் பொறுப்பில் வந்தது. கொத்தடிமை முறையை நாடெங்கும் ஒழித்த சட்டம் இயற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

எண்ணிப் பாருங்கள்! கால்நடையாய் ஒரு பகலில் கடக்கும் தூரம். அதனைக் கடக்க விடுதலைக்கு 29 ஆண்டுகள் ஆயின. தடையாய் நின்றது பாறையா? அன்று. பாறையின்மேல் பாதை என்றும் இருந்தது. அப்பாதையில் மேல்நோக்கிச் செல்லும் மனமே இல்லாதிருந்தது.

இதோ, வெள்ளிமலைக்கு வந்துவிட்டோம். இன்று இது கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடம். அலுவலகமும் பள்ளியும் பேருந்தும் இங்கே உண்டு. ஆயினும் பயணம் முடிந்துவிடவில்லை. 2024ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் இம்மலைமக்களின் வாழ்க்கை நிலையைத் தானே முன்வந்து வழக்காக ஏற்று, அடிப்படை வசதிகளைப் பற்றி அரசை வினவியது.

அந்திவேளையில் மலைவிளிம்பில் நின்று கிழக்கே நோக்கினால், கள்ளக்குறிச்சிச் சமவெளி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். அங்கிருந்து பார்ப்போர்க்கும் இம்மலை அவ்வாறே தோன்றவேண்டும். நாளை ஆசிரியராக, மருத்துவராக, ஆட்சியாளராக வரவிருக்கும் இளைஞர்களே! ஒரு முறையேனும் இம்மலையை நடந்து ஏறிப் பாருங்கள். நடந்தவருக்குத் தூரம் தெரியும். தூரம் தெரிந்தவருக்குக் கடமையும் தெரியும்.