கந்தப்பா பிள்ளை சொல்லிக்கொடுத்த விதம்

பழைய நட்டுவனார் என்றாலே கையில் கழி, முகத்தில் கோபம்னு ஒரு சித்திரம் நமக்கு வந்துவிடுகிறது. பாலசரஸ்வதியின் குரு கந்தப்பா பிள்ளையைப் (1899–1941) பற்றியும் முதலில் சொல்லப்படுவது அவருடைய கண்டிப்புதான். கண்டிப்பானவர்தான், சந்தேகமில்லை. ஆனால் கண்டிப்பு மட்டும் ஒரு பாலசரஸ்வதியை உருவாக்கிவிடுமா?

கந்தப்பா தஞ்சை நால்வரின் வழிவந்தவர். அந்த மரபில் பாடம் விளக்கத்தில் தொடங்காது. தட்டுக்கழியின் ஓசை, வாயில் சொல்லும் சொற்கட்டு, காலில் அடவு, அவ்வளவுதான். ஒரே அடவை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று ஆட வேண்டும். காலப்பிரமாணம் கொஞ்சம் நழுவினாலும் மறுபடி முதலிலிருந்து. கேட்க அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் தாளத்தை எண்ணிக்கொண்டே ஆடுபவரால் அபிநயத்தில் மனசை வைக்க முடியாது. கணக்கு உடம்பில் இறங்கிவிட்டால் மனசுக்கு விடுதலை. மேடையில் ஒரே வரிக்கு அந்தந்த நேரத்தில் தோன்றியபடி புதுப்புது பாவம் பிடித்தாரே பாலா, அதற்கு அடித்தளம் இங்கேதான்.

சரி, ஒரு குழந்தை ஏன் இதைத் தாங்கிக்கொண்டது? பாட்டி வீணை தனம்மாள், அம்மா ஜெயம்மாள் பாடகி. வீடு முழுக்க சங்கீதம். பின்னாளில் மகளின் ஆட்டத்துக்குப் பாடியதும் ஜெயம்மாளே. எதற்காக இவ்வளவு உழைப்பு என்று யாரும் தனியாக உபதேசம் பண்ண வேண்டியிருக்கவில்லை, பதில் தினமும் காதில் விழுந்துகொண்டிருந்தது. ஆக, குரு பாதி, வீடு பாதி.

காலத்தையும் கவனிக்கணும். 1925-ல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம். 1927-ல் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிரான தீர்மானத்தைக் கொண்டுவருகிறார். 1947-ல் சட்டமே வந்துவிட்டது. பெண்களைப் பொட்டுக்கட்டும் கொடுமையை நிறுத்தக் கேட்டது நியாயம். ஆனால் அந்தக் குடும்பங்களின் கலைக்கும் அதே வேகத்தில் அவப்பெயர் சேர்ந்தது. இந்த ஆட்டத்துக்கு நாளைக்கு மேடை இருக்குமா என்பதே தெரியாத நேரத்தில்தான், ஒரு ஆசிரியர் எதையும் குறைக்காமல் முழுப் பாடத்தையும் ஒரு சிறுமிக்குக் கொடுத்தார். எனக்கு அவருடைய கண்டிப்பைவிட இந்த நம்பிக்கைதான் பெரிதாகத் தெரிகிறது.

1941-ல் கந்தப்பா காலமானார். பிறகு அவர் மகன் கணேசன் பாலாவுக்கு நட்டுவாங்கம் செய்தார். பாலாவும் ஆசிரியரானார். 1973-ல் மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது. பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் போகிற விருது, ஒரு நடனக் கலைஞருக்கு! ஆட்டத்தையும் பாட்டையும் பிரிக்காமல் கற்ற பிள்ளைக்கு அது பொருத்தம்தானே.