பிடி விதி (அமெரிக்கக் கால்பந்து)

பிடி விதி என்பது அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில், முன்னோக்கி எறியப்பட்ட பந்தை ஒரு வீரர் முறையாகப் பிடித்தாரா என்பதைத் தீர்மானிக்கும் விதியாகும். காலால் உதைத்து ஆடும் கால்பந்து வேறு, இது வேறு. இரு முனையும் கூர்ந்த பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், சக வீரருக்கு எறிந்தும் எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடக்க வேண்டும். கடந்தால் ‘டச்டவுன்’, ஆறு புள்ளிகள். முப்பத்திரண்டு அணிகள் ஆடும் என்.எஃப்.எல். கூட்டமைப்பில் 2000ஆம் ஆண்டு தொடங்கி 2018 வரை இந்த விதியைப் போல் பூசலுக்கு உள்ளான விதி வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

பந்தைப் பிடித்ததா இல்லையா என்பது தெருவில் ஆடும் சிறுவனுக்கும் தெரியுமே, இதில் வழக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்ததும் மட்டையாளர் வெளியேறுகிறார். அந்தப் பந்தின் கதை அங்கே முடிந்தது. அமெரிக்கக் கால்பந்திலோ பிடித்த பிறகுதான் கதை தொடங்குகிறது. பிடித்தவர் ஓடலாம், எதிரணியினர் அவரை மோதி வீழ்த்தலாம். எறிந்த பந்து பிடிபடாமல் தரையில் விழுந்தால் அது செல்லாத எறிதல். ஆட்டம் நின்று பந்து பழைய இடத்துக்கே திரும்பும். பிடித்தபின் கைநழுவினால் அது ‘ஃபம்பிள்’. அதை எதிரணி கைப்பற்றிக்கொண்டு ஓடலாம். எவ்வளவு நேரம் கையில் இருந்தால் பிடித்ததாகக் கொள்வது? அந்த நேரத்தைச் சுருக்கினால் ஃபம்பிள்கள் பெருகும். நீட்டினால், எல்லாரும் கண்ணால் கண்ட பிடியும் பிடியல்ல என்றாகிவிடும். விதி எழுதியவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தத்தளித்தார்கள்.

கேமரா வருவதற்கு முன்

பந்தை முன்னோக்கி எறிவது 1906இல் கல்லூரி ஆட்டங்களில் அனுமதிக்கப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் நடுவரின் கண்ணே சாட்சி, அவர் சொல்லே தீர்ப்பு. அப்போதும் சண்டை இல்லாமல் இல்லை. 1975 நவம்பரில் வாஷிங்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தின் இறுதி நொடிகளில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் மெல் கிரே எல்லைக்கோட்டருகே பந்தைப் பிடித்த கணமே அது தட்டிவிடப்பட்டது. நடுவர்கள் கூடி நெடுநேரம் பேசி டச்டவுன் என்றார்கள். சமநிலைக்கு வந்த கார்டினல்ஸ் கூடுதல் நேரத்தில் 20–17 என வென்றது. வாஷிங்டன் ரசிகர்கள் அதை மறக்கவில்லை. ஆனால் முறையீடு செய்ய இடமும் இல்லை.

1986இல் காட்சியை மீண்டும் பார்த்துத் தீர்ப்பளிக்கும் முறை வந்தது. 1991 பருவத்தோடு கைவிடப்பட்டு, 1999இல் வேறு வடிவில் திரும்பியது. பிடி விதியின் உண்மையான தொல்லை இங்கிருந்துதான் தொடங்குகிறது. சாதாரண வேகத்தில் கண்ணுக்குத் தெரியாத அசைவைக் கேமரா காட்டியது. அதற்கேற்ப விதியின் சொற்களைக் கூர்மையாக்க வேண்டியிருந்தது.

பழைய முறை திரும்பிய முதல் பருவத்திலேயே அது வெடித்தது. 2000 ஜனவரி 23 அன்று செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியிடம் 11–6 எனப் பின்தங்கியிருந்த டாம்பா பே அணியின் பெர்ட் இமானுவேல், கடைசி நிமிடத்தில் பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்தார். அவர் கைகளுக்குள் இருந்தபடியே பந்தின் முனை தரையைத் தொட்டதைக் கேமரா காட்டியது. தீர்ப்பு மாற்றப்பட்டது, டாம்பா பே தோற்றது, சூப்பர் பௌல் வாய்ப்பு போனது. கட்டுப்பாடு கலையாதவரை பந்து தரையைத் தொடலாம் என்று அந்த ஆண்டே விதி தெளிவாக்கப்பட்டது. அதை ‘பெர்ட் இமானுவேல் விதி’ என்றே அழைக்கிறார்கள்.

தரையில் விழும்போது

அடுத்த முடிச்சு, பிடித்துக்கொண்டே விழுபவரைப் பற்றியது. அவர் தரையில் விழுந்து முடியும்வரை பந்தைப் பற்றியிருக்க வேண்டும் என்றது விதி. 2010 செப்டம்பர் 12 அன்று சிகாகோவில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் கால்வின் ஜான்சன் எம்பிப் பிடித்தார், இரு கால்களும் தரையில் பட்டன, விழுந்தார், எழும்போது பந்தைத் தரையில் விட்டுவிட்டார். வென்றுவிட்டதாக எண்ணிக்கொண்டாட எழுந்தவருக்கு, அது பிடியே அல்ல என்ற தீர்ப்பு கிடைத்தது. சிகாகோ 19–14 என வென்றது. விதியின் எழுத்துப்படி நடுவர் செய்தது சரிதான். பார்த்தவர்களுக்கு அநீதியாகத் தோன்றியதற்கும் அதுவே காரணம்.

2015 ஜனவரி 11 அன்று கிரீன் பே நகரில் இதே கதை. டல்லாஸ் அணியின் டெஸ் பிரையன்ட் நான்காவது, அதாவது கடைசி முயற்சியில் உயரத் தாவிப் பந்தைப் பற்றி, அடிகள் வைத்து, எல்லைக்கோட்டை நோக்கிக் கையை நீட்டியபடியே விழுந்தார். பந்து தரையில் பட்டு எகிறியது. களத்தில் பிடி என்று சொல்லப்பட்டது, எதிரணிப் பயிற்சியாளர் முறையிட்டதும் மாற்றப்பட்டது. கிரீன் பே 26–21 என வென்றது. ஜான்சன் ஆடிய அந்த ஆட்டத்திலும் தலைமை நடுவர் இதே ஜீன் ஸ்டெராடோர்தான்! அதன்பின் விதியில் சொற்களை மாற்றி, பிடித்தவர் தெளிவாக ‘ஓடுபவர்’ ஆகிவிட்டாரா என்று பார்க்கச் சொன்னார்கள். ஆனால் ஓடுபவர் எப்போது ஆகிறார் என்பது பழைய கேள்வியின் மறுபெயரே அன்றி விடை அல்ல.

2017 டிசம்பர் 17 அன்று பிட்ஸ்பர்க் அணியின் ஜெஸ்ஸி ஜேம்ஸ், ஆட்டம் முடிய 28 நொடிகளே இருக்கையில், முழங்கால் தரையில் பட்டபின் பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் நீட்டினார். தரையில் பட்ட பந்து கைக்குள் புரண்டது. டச்டவுன் பறிபோயிற்று. நியூ இங்கிலாந்து 27–24 என வென்றது.

2018 மாற்றம்

இதற்குமேல் தாங்காது என்ற நிலை வந்தது. 2018 மார்ச்சில் ஆர்லாண்டோவில் கூடிய அணி உரிமையாளர்கள் 32–0 என்ற வாக்கில் விதியைத் திருத்தினர். பந்தின் மீது கட்டுப்பாடு, இரு பாதமோ உடலின் வேறொரு பாகமோ களத்துக்குள் படுதல், அதன்பின் மூன்றாம் அடி வைப்பது அல்லது பந்தை முன்னே நீட்டுவது போன்ற ஒரு செயல், அல்லது அதைச் செய்யப் போதிய நேரம் ஆகியவை இருந்தால் பிடி. விழுபவருக்கென்று இருந்த தனி நிபந்தனை நீக்கப்பட்டது. இதனால் முன்பு செல்லாத எறிதல் எனப்பட்டவற்றில் சில இனி ஃபம்பிள் ஆகும் என்பதை அறிந்தே ஏற்றுக்கொண்டார்கள்.

திருத்தத்தை முன்வைத்த குழுவின் தலைவர் ரிச் மெக்கே. இமானுவேலின் பிடி மறுக்கப்பட்ட நாளில் டாம்பா பே அணியின் பொது மேலாளராக இருந்தவர் அவரே. புதிய விதிப்படி பிரையன்ட், ஜேம்ஸ் இருவர் பிடித்ததும் செல்லும். ஆனால் பழைய ஆட்டங்களின் முடிவுகள் மாற்றப்படவில்லை. ஜான்சன் 2016இலேயே ஓய்வு பெற்றிருந்தார்.